ஒரே மூட்டை மாவு, இரண்டு வயிறு

சித்திரை மாதம், காலை ஐந்தே முக்கால் மணிக்குப் போன் வந்தது. "டாக்டருங்களா? மாடு ராத்திரி கயித்த அத்துக்கிட்டு மாவு மூட்டையத் தின்னுபோட்டுதுங்க. வயிறு உப்பி நிக்குது, அசை போடல."

அந்தியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. முன்பே இரண்டு மூன்று முறை போன இடம்தான். என்ன மாவு, கடையில் வாங்கிய கலப்புத் தீவனமா, யாராவது கொடுத்த கோழித் தீவனமா என்று கேட்டேன். மில்லில் அரைத்த மக்காச்சோள மாவு, வேறொன்றும் கலக்கவில்லை என்றார். சரி, வைக்கோலைத் தவிர எதையும் போடாதீர்கள், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விடாதீர்கள், புட்டியில் எண்ணெய் புகட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அவர் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்: "குதிரையும் கூடத்தான் நின்னு தின்னுச்சுங்க. அதுக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்த நோயாளி மாடு. ஆனால் எனக்கு அதிகப் பயம் குதிரையை நினைத்துத்தான்.

யார் எவ்வளவு தின்றது

வீட்டில் மூன்று கால்நடைகள். ஒன்று, இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்புப் பசு; எடை ஏறக்குறைய 380 கிலோ, நாளைக்கு 11 லிட்டர் பால். இன்னொன்று அதன் தாய். அதைத் தனியாக வேப்பமரத்தடியில் கட்டியிருந்ததால் தப்பியது. மூன்றாவது, குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் அந்தியூர்ச் சந்தையில் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய பெண்குதிரை. எடையை நாடாவால் அளந்து கணக்குப் போட்டேன், 320 கிலோ. வீட்டுக்காரரின் மகனுக்கு அதன்மேல் உயிர். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் ஓட்டிப் போவான்.

இந்த மாதிரி நேரத்தில் மாட்டைத் தொடும் முன் நான் செய்யும் முதல் வேலை மூட்டையை எடை போடுவது. எவ்வளவு தின்றது என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை தெரியாமல் வைத்தியம் பார்த்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் விட்ட கதைதான். 50 கிலோ மூட்டை; முந்தைய நாள் காலையும் மாலையும் எடுத்தது 6 கிலோ. வீட்டில் தேங்காய் எடை போடும் தராசில் மீதியைத் தொங்கவிட்டோம்: 27 கிலோ. தரையில் சிந்திச் சாணியோடு மிதிபட்டதைக் கூட்டி அள்ளியது இரண்டு கிலோ இருக்கும். ஆக 15 கிலோ இரண்டு வயிற்றுக்குள் போயிருக்கிறது. மூட்டையின் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. ஒரு பக்கம் நாக்கால் நக்கி ஈரமாக, அகலமாக. இன்னொரு பக்கம் பல்லால் கடித்து இழுத்த கிழிசல். பள்ளம் விழுந்த அளவைப் பார்த்தால் மாடு பத்து, பத்தரை கிலோ. குதிரை நாலு, நாலரை கிலோ.

மாடு ராத்திரி பதினொரு மணிக்குமேல்தான் அவிழ்ந்திருக்க வேண்டும். அதுவரை மகன் திண்ணையில் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படியானால் நான் போன ஏழு மணிக்கு, தின்று ஏழெட்டு மணி நேரம்.

மாட்டின் வயிற்றுக்குள் நடந்தது

பசு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. வலி இருக்கிறது என்று அர்த்தம். இடது விலாப்பள்ளம் மேடாகி இருந்தது. முட்டியால் அழுத்தினால் பிசைந்த மாவில் அழுத்துவதுபோல் பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வந்தது. ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டேன். நல்ல மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை தூரத்து இடிபோல் உருளும் சத்தம் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 92. கண்கள் உள்வாங்கத் தொடங்கியிருந்தன. சாணி இளகி, மஞ்சளும் சாம்பலுமாக, புளித்த மோர் வாடையோடு இருந்தது.

மாட்டின் முதல் வயிறான பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு புளிக்கும் பானை. அங்கே மாடு செரிப்பதில்லை. மாட்டுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. வைக்கோலையும் தட்டையையும் அவை மெதுவாகப் புளிக்கவைத்து, மாடு உறிஞ்சிக்கொள்ளக்கூடிய மெல்லிய அமிலங்களாக மாற்றுகின்றன. மாடு அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர், நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல், ஆப்பசோடா கலந்த தண்ணீர் மாதிரி உள்ளே போய் அந்த அமிலத்தைச் சமன் செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் பெருவயிற்றின் பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), 6க்கும் 7க்கும் இடையில் நிற்கிறது.

இதற்குள் ஒரே நேரத்தில் பத்து கிலோ மாவு விழுந்தால் கதை மாறிவிடுகிறது. மாவை மெல்ல வேண்டியதில்லை, ஆகவே உமிழ்நீரும் ஊறுவதில்லை. மாவுச்சத்தை விரும்பித் தின்னும் பாக்டீரியாக்கள் அரை மணிக்குள் இரட்டிப்பாகிற வேகத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். பெருவயிற்றில் வழக்கமாக உண்டாகும் அமிலங்களைவிட இதற்குப் பத்து மடங்கு வீரியம். பிஎச் 5க்கு இறங்கும்போது வைக்கோலைச் செரிக்கும் நல்ல உயிர்கள் செத்துவிடுகின்றன. அமிலம் சேரச் சேர, உடம்பிலுள்ள தண்ணீரை வயிறு தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. மாடு உள்ளே குளமாகவும் வெளியே வறண்டும் போய்விடுகிறது. கண் உள்வாங்குவது இதனால்தான். அப்புறம் அமிலம் ரத்தத்தில் ஏறும், பெருவயிற்றின் உள்தோல் வெந்துபோகும், அந்தப் புண் வழியாகக் கிருமிகள் கல்லீரலுக்குப் போய்க் கட்டியாகும்.

வீட்டில் மாட்டின்மேல் உள்ள பாசத்தில் பண்டிகைச் சோற்றையும் பொங்கலையும் அண்டாவோடு கவிழ்ப்பவர்களுக்கும் இதே கதைதான். வெந்த சோறு, பச்சரிசியைவிடச் சீக்கிரம் புளிக்கும். 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்குமேல் தின்ற ஐந்து மாடுகள் இறந்துபோயின. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொஞ்சம் பெருவயிற்று நீரை எடுத்தேன். நல்ல நீர் பச்சையும் பழுப்புமாக, சற்றே கெட்டியாக இருக்கும். இது பாலில் சாம்பல் கரைத்தாற்போல் இருந்தது. பிஎச் தாள் 5க்கும் 5.5க்கும் நடுவே நின்றது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வழக்கமாகத் திருவிழாக் கூட்டம்போல் நெளியும் புரோட்டோசோவா என்ற ஒற்றைச்செல் உயிர்களில் பெரியவை ஒன்றுகூட இல்லை. சின்னவை நாலைந்து அசைந்துகொண்டிருந்தன. அந்த நாலைந்துதான் எனக்குத் தைரியம் கொடுத்தன. ஒன்றும் மிச்சமில்லாமல், பிஎச் 5க்குக் கீழே போயிருந்தால் விலாவைக் கிழித்து மாவை வாரி வெளியே எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆகவே கத்தியை எடுக்காமல் கழுவ முடிவு செய்தேன். வாய்வழியே பெரிய குழாய், வெதுவெதுப்பான தண்ணீர் பத்துப் பதினைந்து லிட்டர் உள்ளே, குழாயைத் தாழ்த்தி வெளியே, மறுபடி உள்ளே. ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வீட்டுக்கார அக்கா அடுப்பை அணைக்கவே இல்லை. கட்டுத்தறி முழுக்க மாவுக் கஞ்சி ஓடியது. அதன்பிறகு மக்னீசியம் ஹைட்ராக்சைடு 400 கிராம் கரைத்து உள்ளே விட்டு, ரத்தத்தில் ஏறிய அமிலத்துக்கு 5 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல் நாலு லிட்டர் நரம்பில் ஏற்றி, தொடர்ந்து உப்புநீர், தயமின் ஊசி, வீக்கத்துக்கு மருந்து. தயமின் எதற்கு என்றால், நல்ல நுண்ணுயிர்கள் செத்தால் அவை மாட்டுக்குத் தயாரித்துக் கொடுக்கும் பி1 உயிர்ச்சத்தும் நின்றுபோய், சில நாளில் மூளை பாதிக்கும். பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மாலை ஐந்து மணிக்கு, தப்பிய தாய்ப்பசுவின் பெருவயிற்றிலிருந்து எட்டு லிட்டர் நீரைக் குழாயில் இழுத்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் மகளின் வயிற்றில் விட்டோம். காலிப் பானையில் உறை ஊற்றுகிற வேலைதான் இது. இதற்கு ஈடாகக் கடையில் விற்கும் பொட்டலம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. மறுநாளும் அதையே செய்தோம். மூன்றாம் நாள் காலை, இரண்டு வைக்கோல் தாளை இழுத்துத் தின்றது. பதினொரு மணிக்கு, கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறுவதை அக்காதான் முதலில் பார்த்தார். "அசை போடுதுங்க" என்று கத்தியவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குதிரை

இப்போது அன்றைய காலை எட்டரை மணிக்குத் திரும்புகிறேன். மாட்டுக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோதே குதிரையிடம் போனேன்.

நின்ற நிலையில் குறையில்லை. காது முன்னே இருந்தது, என்னைப் பார்த்துக் கனைத்தது. இதயத் துடிப்பு 48. சாதாரணமாக நாற்பதுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. விலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, தரையைக் கிளறவில்லை, உருளவில்லை. "நாந்தான் சொன்னேனுங்களே, அது கெட்டிக்காரிங்க" என்றார் வீட்டுக்காரர்.

பல வருடங்களுக்கு முன்பு, படிப்பு முடித்துவந்த புதிதில், மலைப்பக்கம் சுற்றுலாவுக்கு ஓடும் ஒரு குதிரையைப் பார்க்கப் போனேன். கொட்டகையில் அரிசி மூட்டையைத் தின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். வயிற்றில் சத்தம் சரியாக இருந்தது, வலியில்லை. ஊசி ஒன்று போட்டு, இன்று தீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் அது முன்னங்கால்களை நீட்டி, குதிகாலில் பாரத்தைப் போட்டு, வியர்த்துக்கொண்டு நின்றது. ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. இரண்டாவது வாரம் குளம்புக்குள் இருக்கும் எலும்பு உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அதை நாங்கள்தான் நிரந்தரமாகத் தூங்கவைத்தோம். வயிற்றைப் பார்த்த நான் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் குதிரையை மறக்காமல் இருப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

குதிரைக்கு முன்பக்கம் பெருவயிறு கிடையாது. உடம்புக்கு ஒவ்வாத அளவு சின்ன இரைப்பை, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். தீனி அதைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய் அங்கே நம்மைப்போலவே செரிக்கும். மீதம் உள்ள நார்தான் பின்னால் இருக்கும் சீக்கம் என்ற குடல்பைக்கும் பெருங்குடலுக்கும் போய்ப் புளிக்கும். மாட்டுக்குப் புளிக்கும் பானை வாசலில், குதிரைக்குக் கொல்லையில். இரண்டு வயிற்றுக்கும் உள்ள பேதம் முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

சிறுகுடல் ஒரு வேளைக்குச் செரிக்கும் மாவுச்சத்துக்கு ஒரு வரம்பு உண்டு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்றால் பயமில்லை, இரண்டு கிராமைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டியது அப்படியே கொல்லைப் பானையில் போய் விழும். அதிலும் வேகவைக்காத மக்காச்சோளம் மோசம். ஓட்ஸின் மாவுச்சத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சிறுகுடலிலேயே செரித்துவிடும். மக்காச்சோளத்தில் பாதி செரித்தால் பெரிய விஷயம். நம் குதிரை தின்றது நாலரை கிலோ. அதில் மாவுச்சத்து ஏறக்குறைய மூன்று கிலோ. 320 கிலோ உடம்புக்குக் கணக்குப் போட்டால் கிலோவுக்கு ஒன்பது கிராம். வரம்பைப்போல் நாலரை மடங்கு.

கொல்லைப் பானையிலும் அதே லாக்டிக் அமிலம், அதே சாவு. ஆனால் அங்கே செத்த பாக்டீரியாக்களின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புத் திசுக்களைத் தாக்குகிறது. லேமினைட்டிஸ் என்கிறோம். அந்தப் பிடி விட்டுப்போனால், குதிரையின் எடை எலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். இதெல்லாம் தின்று ஒரு நாள், ஒன்றரை நாள், சில நேரம் மூன்று நாள் கழித்துத்தான் நொண்டலாக வெளியே தெரியும். அதற்கு முன்பே உள்ளே சேதம் ஆரம்பித்துவிட்டிருக்கும். ஆகவே "நல்லாத்தான் இருக்குது" என்ற அந்தக் காலை வேளைதான் குதிரைக்கு வைத்தியம் செய்ய வேண்டிய வேளை.

முதலில் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் மேல்வாய் அவ்வளவு இறுக்கம். உள்ளே புளித்து உப்பினால் இரைப்பையே கிழிந்துபோகும். மூன்று லிட்டர் போலப் புளித்த கஞ்சி வந்தது. அது வெளியே வந்த அளவுக்கு லாபம். அதன்பின் திரவ பாரஃபின் இரண்டு லிட்டர், நஞ்சைக் கட்டுப்படுத்த ஃபுளூனிக்சின் ஊசி. அப்புறம் ஐஸ்.

2004இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வான் எப்ஸ், கிறிஸ் பாலிட் இருவரும், குடலில் வேண்டுமென்றே புளிப்பை உண்டாக்கிய குதிரைகளின் ஒரு முன்னங்காலை மட்டும் 48 மணி நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். ஐஸில் இருந்த கால்களில் சேதம் மிகக் குறைவு. அதே குதிரைகளின் மற்றக் கால்களில் நோய் வந்தது. குளிரில் ரத்த ஓட்டமும் திசுக்களின் வேலையும் அடங்குவதால் நஞ்சு தாக்கும் அந்த ஒன்றிரண்டு நாளைத் திசு தாண்டிவிடுகிறது. விலை கூடிய எந்த மருந்தைவிடவும் இதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை. ஆனால் நொண்டல் வந்தபின் வைப்பதைவிட வருமுன் வைப்பதில்தான் இதன் பலன் அதிகம்.

சித்திரை வெயிலில் ஒரு தோட்டத்தில் குதிரையை ஐஸில் நிறுத்துவது எப்படி? முதலில் அன்னக்கூடையில் காலை வைத்துப் பார்த்தோம். இரண்டு முறை உதைத்துக் கவிழ்த்தது. அப்புறம் மகன்தான் யோசனை சொன்னான். வேப்பமர நிழலில் மூன்றடிக்கு இரண்டரை அடி, முக்கால் முழ ஆழத்தில் குழி வெட்டி, தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் விட்டு, அதில் பார் ஐஸை உடைத்துப் போட்டோம். குதிரை முன்னங்கால்களோடு அதில் நின்றது. உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் இறங்கும். நோயும் அங்கேதான் முதலில் வரும். பின்னங்கால்களுக்கு லாரி டியூபை வெட்டிப் பை மாதிரிக் கட்டி ஐஸ் நிரப்பினோம். மீன் கடைக்குப் போகும் ஐஸ் வண்டிக்காரரிடம் சொல்லிவைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார் இறங்கியது. சாக்கில் போட்டு உலக்கையால் குத்தும் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் முறை வைத்து வந்தார்கள்.

கணுக்காலுக்குப் பின்புறம் இரண்டு விரலை வைத்தால் குளம்புக்குப் போகும் ரத்தக்குழாயின் துடிப்பு தெரியும். நல்ல குதிரைக்குத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகனுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் நாள் முழுக்க "லேசு" என்றே எழுதியிருந்தான். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு "எடது முன்னங்கால் தட் தட்னு அடிக்குது" என்று இருந்தது. எனக்குப் போன் செய்தான். ஐஸை முழங்காலுக்குக் கீழ்வரை ஏற்றச் சொன்னேன். காலை நான் போனபோது அந்தக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. அன்று மதியம் வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாலை துடிப்பு தணிந்தது. 72 மணி நேரம் முடித்து, துடிப்பு மறுபடி ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஐஸைக் குறைத்தோம். பத்தாம் நாள் எக்ஸ்ரேயில் எலும்பு நின்ற இடத்திலேயே நின்றது.

வழக்கமான தீனி என்னவாக இருந்தது

அவசரம் ஓய்ந்தபிறகுதான் உண்மையான ஆய்வு. கயிறு அறுந்தது தற்செயல். ஆனால் அறுத்துக்கொண்டு போகும் அளவுக்கு மாட்டுக்கு என்ன அவசரம்?

பசுவுக்கு நாளைக்கு ஐந்தரை, ஆறு கிலோ அடர்தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலப்பினப் பசுவின் உடம்புக்கு இரண்டு கிலோ, அப்புறம் மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று நாங்கள் சொல்லும் கணக்குப்படி 11 லிட்டருக்கு இது ஏறக்குறைய சரியான அளவுதான். தப்பு அளவில் இல்லை. அதை இரண்டே வேளையாக, பொடி மாவாக, வெறும் வயிற்றில், தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததில்தான் இருந்தது. அந்த மாதம் கோ-4 புல் காய்ந்துபோய், பசுந்தீவனம் இல்லை. வைக்கோலும் விலை ஏறியதால் ராத்திரிக்கு ஒரு கை மட்டும். மெல்ல ஒன்றுமில்லை. மெல்லாத மாட்டுக்கு உமிழ்நீர் இல்லை; உமிழ்நீர் இல்லாத வயிறு அந்த ராத்திரிக்கு முன்பே பாதி புளித்துத்தான் இருந்தது.

அதை எப்படிச் சொல்கிறேன் என்றால், தாய்ப்பசுவும் அதே தீனிதான் தின்றுகொண்டிருந்தது. அதன் சாணியை ஒரு கை எடுத்து மாவு சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினேன். செரிக்காத மக்காச்சோளக் குருணையும், ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமான வைக்கோல் துண்டுகளும் மிஞ்சின. சாணியில் சின்னச் சின்னக் குமிழி. சரியாக அசைபோட்டுச் செரித்த மாட்டின் சாணியில் நார் பொடியாக, ஒரே மாதிரி இருக்கும். பால் வைக்கும் எந்த வீட்டிலும் மாதம் ஒருமுறை இந்தச் சல்லடையைப் பிடித்துப் பார்க்கலாம், காசு செலவில்லை.

மாற்றியது இவ்வளவுதான். முதலில் தட்டு அல்லது வைக்கோல், அரை மணி கழித்து அடர்தீவனம். மாவை ஒன்றிரண்டாக உடைத்த குருணையாக மாற்றி, கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து நாலு வேளையாகப் பிரித்தோம். எதையும் கூட்டுவதென்றால் மூன்று நாலு நாளுக்கு அரை கிலோ. வயிற்றுக்குள் இருக்கும் கூட்டம் புதுத் தீனிக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். வைக்கோல் ராத்திரியிலும் எட்டும் இடத்தில்.

குதிரையின் தீனிதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. "குதிரைக்குன்னா கொள்ளு தானுங்களே" என்று காலை ஒரு கிலோ, மாலை ஒரு கிலோ அவித்த கொள்ளும், கூடவே கோதுமைத் தவிடும், கோ-4 இருந்தால் அதுவும் போட்டுவந்தார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழி இருக்கிறது, உண்மைதான். கொள்ளில் நல்ல புரதம் உண்டு, அவித்துக் கொடுப்பதும் சரியான பழக்கம். ஆனால் குதிரைக்கு அடிப்படை உணவு கொள்ளு அல்ல, புல். நாளில் பதினாலு, பதினாறு மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்க உண்டான பிராணி அது. வயிறு காலியாக இருந்தாலும் இரைப்பையில் அமிலம் ஊறிக்கொண்டேதான் இருக்கும். இந்த வீட்டில் மாலை ஏழு முதல் காலை ஆறு வரை அதன் முன்னால் ஒரு புல்தாள்கூட இல்லை. கட்டியிருந்த மரத்தூண் இடுப்பு உயரத்தில் கடித்துக் கடித்துப் பாதி தேய்ந்திருந்தது. இரண்டு வருடமாக அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இதில் இன்னொரு விஷயம் உண்டு. குதிரையை மாட்டோடு வளர்ப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. கம்பு நேப்பியர் வகையான கோ-4 புல்லிலும், கொங்குநாட்டுக் கொறங்காடுகளில் மாட்டுக்கு அமிர்தமாக இருக்கும் கொழுக்கட்டைப்புல்லிலும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த ஆக்சலேட்டை முன்கூட்டியே உடைத்துவிடுவதால் பழகிய மாட்டுக்குப் பெரும்பாலும் கெடுதலில்லை. குதிரையில் சுண்ணாம்பு உறிஞ்சப்படும் சிறுகுடலைத் தாண்டித்தான் புளிக்கும் பானை வருகிறது. அதற்குள் சுண்ணாம்பு கைவிட்டுப் போய்விடும். இதோடு தவிடும் சேர்ந்தால் இன்னும் மோசம். தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைவிடப் பல மடங்கு. ரத்தத்துக்குச் சுண்ணாம்பு போதாதபோது உடம்பு எலும்பிலிருந்து கரைத்து எடுக்கும். குதிரை இடம் மாறி மாறி நொண்டும், முற்றினால் முகத்தெலும்பு வீங்கும். அந்தக் காலத்தில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு இது வந்ததால் மில்காரர் நோய் என்றே ஒரு பேர் உண்டு.

மாட்டுக்கு ஒத்துக்கொள்வது குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் போனில் முதல் கேள்வியாகக் கோழித் தீவனமா என்று கேட்டேன். கோழிக்கும் சில இடங்களில் மாட்டுக்கும் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மாடு அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கைத் தாங்கும். மாட்டுக்கு நல்லதென்று குதிரைக்கும் அதே மூட்டையிலிருந்து அள்ளிப் போடக் கூடாது.

நம் ஊரில் குதிரைத் தீனிக் குழப்பம் நேற்று வந்ததில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாகக் காயலில் வந்து இறங்கும் குதிரைகளுக்கு இங்கே வெந்த சோறும் சமைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள், அவை நிலைக்காமல் இறந்துபோகின்றன என்று எழுதிவைத்தார். வெயிலும், லாடம் கட்டத் தெரிந்தவர்கள் இல்லாததும் காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் தீனியைப் பற்றிய அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிரைகளின் கால்கள்தான் ஞாபகம் வருகின்றன.

இப்போது இந்தக் குதிரைக்குக் காய்ந்த புல் எந்நேரமும் உண்டு. நாளைக்கு ஏழு கிலோ வரை. சின்னக் கண்ணுள்ள வலையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு தாளாக இழுத்துத்தான் தின்ன வேண்டும். கோ-4 நின்றுபோனது. வரப்போரம் பத்துக்கு இருபதடியில் குதிரைமசால் விதைத்தார்கள். அந்தப் பெயரை வைத்த நம் ஆட்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து தாராளம். அவித்த கொள்ளு அரை கிலோவாக இரண்டு வேளை மட்டும், தவிடு ஒரு கைப்பிடி, கூடவே தாது உப்பு. தூணைக் கடிப்பது மூன்றாவது வாரத்தில் குறைந்துவிட்டது.

பசு ஒன்றரை மாதத்தில் எட்டரை லிட்டருக்கு வந்தது. பழைய 11ஐ இந்த ஈத்தில் தொடாது. வெந்த உள்தோல் ஆறினாலும் தழும்பு உறிஞ்சாது. அதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "உசுரு இருக்குதுங்களே, போதுங்க" என்றார். மாவு மூட்டை இப்போது வீட்டுக்குள், உரல் பக்கத்தில், தகர டிரம்முக்குள் இருக்கிறது.

போன வாரம் குதிரையைப் பார்க்கப் போனேன். மகன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினான். இடது குளம்பின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே, சுற்றிலும் மெல்லிய ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. அந்த இரண்டாம் நாள் ராத்திரி வளர்ச்சி தடுமாறிய இடம் அது. குளம்பு மாதத்துக்கு எட்டு, பத்து மில்லிமீட்டர் வளரும். லாடம் கட்டுபவர் அந்தக் கோட்டின்மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, அடுத்த சித்திரைக்குள் தரையைத் தொட்டுவிடும், அப்போது ராவி எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.